கோடைக் கடலைக் கேன்வாஸில் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது மார்த்தாண்டம் பக்கம். சின்ன வயதில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் குமரிக் கடற்கரை ஊரான முட்டத்தில் பாட்டி வீட்டில்தான் கழியும். அந்தக் கடலை நீடில்பாயிண்டில் தைக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பது, தைக்கத் தொடங்கி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

நீடில்பாயிண்ட் என்றால் எம்ப்ராய்டரிதானே?

சொந்தம்தான், ஆனால் வேறு. எம்ப்ராய்டரியில் துணி தெரியும், அதன் மேல் ஆங்காங்கே பூவும் கொடியும் போடுவோம். நீடில்பாயிண்டில் துணியே தெரியாது. வலை மாதிரி கண் கண்ணாக இருக்கும் விறைப்பான கேன்வாஸை எடுத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு கண் விடாமல் நூலால் மூட வேண்டும். முடித்த பிறகு கையில் எடுத்தால் சின்னக் கம்பளம் மாதிரி கனமாக இருக்கும், அதனால்தான் தலையணை உறை, நாற்காலி இருக்கை, பை எல்லாம் இதில் செய்கிறார்கள். கிராஸ் ஸ்டிச்சில் ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி விழும். இங்கே ஒரே ஒரு சாய்வுக் கோடுதான். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த கைக்கு இது ஒரு நாளில் பிடிபட்டுவிடும், எண்ணுவதுதான் பாதி வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். நீடில்பாயிண்ட் லேஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அது கேன்வாஸே இல்லாமல் ஊசியும் நூலும் மட்டும் வைத்துப் பின்னும் லேஸ். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

கடல் தைக்க ஆசை. எந்தப் படத்தை வைத்துத் தைக்கலாம்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. படத்தில் தொடங்காதீர்கள். காலண்டரில் வரும் கடலைத் தைத்தால் காலண்டர்தான் வரும். நீல வானம், நீலக் கடல், நடுவில் ஒரு படகு, ஓரத்தில் ஒரு தென்னை; அது கோவாவாகவும் இருக்கலாம், மாலத்தீவாகவும் இருக்கலாம், உங்கள் பாட்டி வீட்டுக் கடலாக மட்டும் இருக்காது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கண்ணை மூடி, அந்த விடுமுறையில் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறதோ அதை எழுதுங்கள். எனக்கு நீலம் வரவில்லை. செம்மண்தான் வந்தது. முட்டத்தில் கடற்கரைக்கு மேலே செக்கச்செவேல் என்று தேரி மணல் மேடு இருக்கிறதே, மே மாதம் மதியம் அதில் செருப்பில்லாமல் ஓடி இறங்கிய சூடு. அடுத்தது கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்), அதுவும் பாதி மஞ்சள் பாதி சிவப்பாக, கடித்தால் தொண்டை கரகரக்கும். அதற்கடுத்து பாட்டி அடுக்களை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து சாளை மீன் கழுவும்போது சட்டித் தண்ணீரில் மிதக்கும் வெள்ளிச் செதில். கடல் நான்காவதாகத்தான் வந்தது, அதுவும் நீலமாக இல்லை. உச்சி வெயிலில் தேய்த்துக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரம் மாதிரி வெளிறிப்போய் வந்தது.

அந்த நான்கையும் நான்கு சின்ன சதுரங்களாகத் தைத்தேன். நான்காவது சதுரத்தில் ஒரு சொட்டு நீல நூல்கூட இல்லை. என் தம்பி வந்து பார்த்தவன், "எக்கா, இது நம்ம பாட்டி வீட்டுக் கடலுல்லா" என்றான். கேன்வாஸில் கடல் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவனும் அந்தச் சூட்டில் ஓடியவன், அவ்வளவுதான்.

உங்கள் ஞாபகம் தேங்காப்பட்டணமாக இருந்தால் குழித்துறையாற்றுத் தண்ணீர் கடலில் கலக்கிற இடத்தின் சாயா நிறம் வரலாம். மணக்குடியாக இருந்தால் காயலும் பழையாற்று முகமும் வரலாம். குளச்சலோ கடியபட்டணமோ என்றால் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியின் பழுப்பும், அதை அவித்துத் திறந்தால் உள்ளே இருக்கும் ஆரஞ்சும் வரலாம். எது வருகிறதோ அதுதான் உங்கள் படம்.

எத்தனை நிறம் தேவைப்படும்?

ஐந்து. ஆசைப்பட்டால் எட்டு. அதற்கு மேல் போனால் சின்ன அளவில் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும்.

நிறத்தை வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்காமல் முடிந்தால் கரைக்குப் போய் நூலை மணல் மேல் வைத்துப் பாருங்கள். காய்ந்த மணலும் நனைந்த மணலும் இரண்டு வேறு நிறம். நம் கடற்கரையில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்ற தாது கறுப்பாகவும் கார்னெட் என்ற தாது அரக்குச் சிவப்பாகவும் மணலில் வரி வரியாகப் படிந்திருக்கும். கன்னியாகுமரியில் அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி நிற நிறமாக மணலானது என்று எங்களுக்குச் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இந்த மணலுக்கு ஒரே நிற நூல் போடாதீர்கள். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலைப் பிரித்து, சந்தனம் மூன்று இழை, பழுப்பு இரண்டு, அரக்கு ஒன்று என்று ஒரே ஊசியில் கோர்த்துத் தையுங்கள். ஒவ்வொரு தையலிலும் வேறு வேறு இழை மேலே வரும், மணல் தானாகவே புள்ளி புள்ளியாக விழும். நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எந்தக் கேன்வாஸ் வாங்குவது? 10, 14, 18 என்று போட்டிருக்கிறார்களே?

ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் அந்த எண். மீன் வலைக்கும் கண் கணக்கு உண்டு, அதே மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 10 என்றால் பெரிய கண், தடித்த கம்பளி நூல், சீக்கிரம் முடியும், ஆனால் முகமும் சின்னப் படகும் சரியாக வராது. 18 என்றால் பொடிக்கண், நுணுக்கமாக வரும், கண்ணுக்குச் சிரமம். முதல் முறை செய்கிறவர்களுக்கு 13 அல்லது 14 சொல்வேன். 14 கண்ணில் 5 அங்குலச் சதுரம் என்றால் 70-க்கு 70, மொத்தம் 4,900 தையல். கேட்கப் பயமாக இருக்கும், செய்யச் செய்யப் பழகிவிடும்.

ஊசி முனை மழுங்கியிருக்க வேண்டும், டேப்பஸ்ட்ரி ஊசி என்று கேளுங்கள். 10 கண்ணுக்கு 18-ஆம் நம்பர், 14-க்கு 20, 18-க்கு 22. ஊசி நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்.

படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டின ஓரம் பிசிறும், அதில் நூல் மாட்டி மாட்டியே பாதிப் பொறுமை போய்விடும், அதனால் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கடையில் கேன்வாஸ் கேட்டால் மேட்டித் துணி தருகிறார்கள். அது போதுமா?

மேட்டி கிராஸ் ஸ்டிச்சுக்கானது. மெல்லியது, வளைந்து கொடுக்கும். அதில் முழுவதும் சாய்வுத் தையல் போட்டால் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சதுரம் சாய்ந்துவிடும். பழகிப் பார்க்க வேண்டுமானால் தைக்கலாம், மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. தலையணைக்கோ பைக்கோ வேண்டாம். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் பிளாஸ்டிக் கேன்வாஸ் பெரும்பாலும் கிடைக்கும், நூல் கேன்வாஸ்தான் சில நேரம் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும். வாங்கும்போது மோனோ கேன்வாஸா, இன்டர்லாக்கா என்று பாருங்கள். மோனோவில் இழைகள் ஒன்றன் மேல் ஒன்று சும்மா நெய்திருக்கும். இன்டர்லாக்கில் இழைகள் சந்திக்கும் சந்திகள் முறுக்கிப் பூட்டியிருக்கும், பிசிறாது.

நூல் எவ்வளவு வாங்க வேண்டும்? பாதியில் தீர்ந்தால் அதே நிறம் கிடைக்குமா?

கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் வேறு சாயத் தொகுதியில் வந்தது என்றால் வானத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்த மாதிரி தெரியும். அதனால் முதலிலேயே கணக்குப் போடுங்கள். ஓரத்தில் ஒரு சதுர அங்குலம் தைத்துப் பார்த்து எத்தனை நூல் போகிறது என்று அளப்பதுதான் சரியான வழி. தோராயமாக, கம்பளி நூலில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை போகும். 5 அங்குலச் சதுரத்துக்கு, அதாவது 25 சதுர அங்குலத்துக்கு, 37.5 மீட்டர் வரை வரும், 8 மீட்டர் கட்டு என்றால் ஐந்து. நான் எப்போதும் பின்னணி நிறத்தில் ஒன்று கூடுதலாக வாங்குவேன்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளியைவிடப் பருத்தி எம்ப்ராய்டரி நூல் வசதி, கையில் ஒட்டாது. 14 கண்ணுக்கு ஆறு இழையும் சேர்த்துப் போடுங்கள், 18-க்கு நான்கு இழையில் தொடங்கிப் பாருங்கள், கேன்வாஸ் எட்டிப் பார்த்தால் ஒன்று கூட்டுங்கள். எந்த நூலானாலும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம், அதாவது 45 சென்டிமீட்டர் போதும். நீளமாகக் கோர்த்தால் மிச்சம் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் உரசி உரசிக் கடைசியில் நூல் பிசிறிப் பஞ்சாகிவிடும்.

பாதி தைத்ததுமே கேன்வாஸ் கோணலாகிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் வரிசை வரிசையாக இடமும் வலமும் தைத்திருப்பீர்கள். எல்லாத் தையலும் ஒரே பக்கம் இழுப்பதால் அப்படி ஆகும். இதற்கு மருந்து மூலைவிட்டமாகத் தைப்பது. மேல் வலது மூலையில் தொடங்கி ஒரு வரிசை சாய்வாக இறங்க வேண்டும், அடுத்தது ஏற வேண்டும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பனையோலைப் பெட்டி முடைந்த மாதிரி இருக்கும், ஆங்கிலத்திலும் பாஸ்கெட்வீவ் என்றுதான் பெயர். கேன்வாஸ் அவ்வளவாக இழுக்காது, பின்பக்கம் கெட்டியாக இருக்கும், உட்காரும் இருக்கைக்கு இதுதான் சரி. மோனோ கேன்வாஸில் எந்த வரிசை ஏறணும் எது இறங்கணும் என்பதற்குக் கேன்வாஸே வழி சொல்லும்: சந்தியில் நெடுக்கு இழை மேலே இருந்தால் இறங்குங்கள், குறுக்கு இழை மேலே இருந்தால் ஏறுங்கள். தென்னையில் சறுக்கி இறங்குவது, படியில் மிதித்து ஏறுவது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது. இரண்டு ஏறும் வரிசை அடுத்தடுத்து வந்துவிட்டால் முன்பக்கம் லேசாக ஒரு வடு தெரியும்.

சட்டத்தில் கட்டித் தைத்தாலும் கோணல் பெருமளவு குறையும்.

அலை எப்படித் தைத்தாலும் படிக்கட்டு மாதிரி இருக்கிறது.

அலைக்குச் சாய்வுத் தையலை விட்டுவிடுங்கள். பார்ஜெல்லோ என்று நேர் செங்குத்தான தையல் ஒன்று இருக்கிறது, ஃப்ளாரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோ மாளிகையில் உள்ள பழைய நாற்காலிகளில் இருப்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு தையலும் நான்கு இழை உயரம். பக்கத்துத் தையல் இரண்டு இழை மேலே அல்லது கீழே தள்ளித் தொடங்கும். உச்சியில் ஒன்று மட்டும் வைத்தால் கூர்மையாகக் கோபுரம் மாதிரி எழும்பும். ஒரே உயரத்தில் நான்கைந்து வைத்தால் உருண்டு வரும். முதல் வரிசை மட்டும்தான் எண்ண வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறமும் அதையே பின்தொடரும்.

இங்கேதான் உங்கள் ஞாபகம் வேலைக்கு வரும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும்போது வரும் அலை செங்குத்தாக எழும்பி உடைவது. சித்திரையில் வருவது நீளமாக, சோம்பலாக உருண்டு வருவது. இன்னொன்று, காற்றே இல்லாத நாளில் எங்கோ தூரத்தில் எழுந்த அலை சத்தமில்லாமல் வந்து வீட்டுத் திண்ணை வரை ஏறிவிடும் கள்ளக்கடல். பாட்டி அந்தச் சொல்லைச் சொன்னாலே நாங்கள் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொள்வோம். அதைத் தைக்க ஒரே உயரத்தில் எட்டுத் தையல் வரை வைத்து மிக மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினேன்.

நேர்த்தையலில் இழைகளுக்கு நடுவே கேன்வாஸ் தெரியும், அதனால் நூலை ஒரு இழை கூட்டிப் போடுங்கள். நீளத் தையல் என்பதால் வளையலிலும் நகத்திலும் மாட்டும், சுவருக்கு நல்லது, பைக்கு வேண்டாம்.

தென்னை மரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அழகாக வருகிறது, மறுபக்கம் சாய்ந்தால் துண்டு துண்டாக வருகிறதே?

நல்ல கண் உங்களுக்கு. சாய்வுத் தையல் எல்லாமே கீழ் இடத்திலிருந்து மேல் வலத்துக்குப் போகிறது. அதே பக்கம் சாயும் கோடு ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே கயிறு மாதிரி விழும். எதிர்ப் பக்கம் சாயும் கோட்டில் தையல்கள் ஒன்றை ஒன்று தொடாது, புள்ளி புள்ளியாகத்தான் நிற்கும். அதனால் தென்னை, பாய்மரம், துடுப்பு எல்லாம் வலப்பக்கம் சாய்கிற மாதிரி படத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். கலங்கரை விளக்கம் பற்றிக் கவலையே வேண்டாம், நேராக நிற்கும். கோவளத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும் அந்தக் கலங்கரை விளக்கம் கேன்வாஸுக்கென்றே கட்டின மாதிரி.

படத்தைக் கேன்வாஸில் எப்படி வரைவது?

தாளில் கறுப்பு மையில் கோடு மட்டும் வரைந்து, பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே கேன்வாஸை வைத்துப் பிரதி எடுங்கள். அல்லது கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு தையல் என்று போட்டு வைத்து எண்ணித் தையுங்கள்.

பேனா விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வேலையில் மகளுடைய சாதாரண ஸ்கெட்ச் பேனாவில் கடல் முழுவதும் நீலம் பூசினேன். இரண்டு மாதம் தைத்து, கடைசியில் நேராக்குவதற்குத் தண்ணீர் தெளித்தேன், பாருங்கள், அடியிலிருந்த மை கிளம்பி மேலே வந்து வெள்ளை நுரை முழுவதும் ஊறிவிட்டது. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. தண்ணீரில் அழியாத மார்க்கர்தான் வேண்டும், அதையும் துண்டுக் கேன்வாஸில் கிறுக்கி, காயவிட்டு, நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்த பிறகே தொடுங்கள். அரக்கு, கருஞ்சிவப்பு நூலையும் இதே மாதிரி சோதித்துவிடுங்கள்.

சித்திரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போனதைத் தைக்க முடியுமா? ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் நிலா.

முடியும், ஆனால் ஒரே படத்தில் வேண்டாம். மேற்கே சூரியன் இறங்குவதும் கிழக்கே முழுநிலா ஏறுவதும் ஒரே நேரத்தில் தெரியும் என்றாலும், அங்கே நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? தலையைத் திருப்பித் திருப்பித்தானே பார்த்தீர்கள். இரண்டு தனிச் சதுரம் தைத்து நடுவில் ஒரு கதவோ ஜன்னலோ விட்டு இரு பக்கமும் மாட்டுங்கள். பார்க்கிறவரும் தலையைத் திருப்பட்டும்.

வட்டம் குறைந்தது 20 கண் அகலமாவது இருக்க வேண்டும், சின்னதாகப் போட்டால் எட்டு மூலை வந்துவிடும். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் வேண்டும் என்றால் நிழல் உருவாக ஒரே கறுநீலத்தில் போடுங்கள். எனக்குக் கேட்டால், 2000-க்கு முன்னால் போனவர்கள் சிலை இல்லாமல் தைப்பது நல்லது, அப்போது அது அங்கே இல்லையே.

பிள்ளைகள் லீவில் சும்மா இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரலாமா?

7 கண் பிளாஸ்டிக் கேன்வாஸ், தடித்த நூல், மழுங்கிய ஊசி. 4 அங்குலத்தில் டம்ளர் வைக்கும் தட்டு, 28-க்கு 28. பிசிறாது, கோணாது. மீன் ஒன்று வரையச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். திருத்தாதீர்கள்.

கடற்கரையில் பொறுக்கின சிப்பியும் மணலும் வைத்துத் தைக்கலாமா?

மணல் வேண்டாம், உதிர்ந்துகொண்டே இருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும். செத்த சிப்பி ஓடு ஒன்றிரண்டு என்றால் நல்ல தண்ணீரில் நாலைந்து நாள் ஊற வைத்து, தண்ணீர் மாற்றி, காய வைத்து, தைத்து முடித்த பிறகு சின்ன ஓட்டை போட்டுக் கட்டலாம். பவளம், கடல்குதிரை, சில சங்கு வகைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை, கடையில் விற்றாலும் வாங்காதீர்கள். நுரைக்கும் கூழாங்கல்லுக்கும் பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில் சுற்றிக் குத்தி உண்டாக்கும் சின்ன உருண்டை முடிச்சு) போட்டாலே போதும், கை வைத்துத் தடவினால் மேடு மேடாகத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் கடல் என்றால் 2004 டிசம்பர் 26-தான் ஞாபகம். அம்மா தைக்க ஆசைப்படுகிறாள், ஆனால் கடலைத் தைக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்யட்டும்?

வற்புறுத்தாதீர்கள். குளச்சலிலும் மணக்குடியிலும் அன்று என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். என் மாமி ஒருத்தியும் அப்படித்தான், பத்துப் பன்னிரண்டு வருடம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அவள் என்னிடம் கேன்வாஸ் கேட்டு வாங்கித் தைத்தது ஒரு அலுமினியப் பானையும் அதன் மேல் கவிழ்த்த ஓலைப்பெட்டியும். அவளுடைய அம்மா மீன் விற்கக் கொண்டுபோன பெட்டி. பின்னணியில் வெறும் சுண்ணாம்புச் சுவர். முடிக்க ஒரு வருடம் ஆனது, நடுவில் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாள், நானும் கேட்கவில்லை. கடைசி வாரத்தில் சுவரின் ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் நீலம் போட்டிருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை.

உங்கள் அம்மாவிடம் பொருள்களைக் கேளுங்கள். விளக்கு, வலை, புன்னை மரத்து நிழல், கிழங்கும் மீன்கறியும் வைத்த தட்டு. எது வந்தாலும் சரி, எதுவும் வராவிட்டாலும் சரி.

இது வெளிநாட்டு வேலைதானே, நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கேன்வாஸ் தையல் நம் மரபு இல்லை, உண்மைதான். ஆனால் ஊசிநூல் வேலையில் குமரி மாவட்டத்துக்கு இருநூறு வருடப் பழக்கம் இருக்கிறது. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார், அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது பரவி எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் கையில் காசு பார்க்க வழியானது. நெய்யூரிலும் முளகுமூட்டிலும் எம்ப்ராய்டரி இன்றும் நடக்கிறது. என் பாட்டியின் பெட்டியிலும் ஒரு முழம் லேஸ் இருந்தது, பின்னினது யார் என்று கேட்டு வைக்காமல் விட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒரு சதுரம் தைக்க எவ்வளவு நாள் ஆகும்?

எனக்கு 14 கண்ணில் ஒரு சதுர அங்குலத்துக்கு 25 நிமிடம் ஆகும். 5 அங்குலச் சதுரம் பத்தரை மணி நேரம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வீதம் மூன்று வாரம். தப்பு வந்தால் நூலை இழுத்துப் பிரிக்காதீர்கள், பின்பக்கம் வெட்டி எடுத்துவிட்டுப் புது நூலில் தையுங்கள்.

முடித்ததை எப்படி நேராக்குவது? மழைக்காலத்தில் பூத்துப்போகிறதே?

நனைக்க வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். பலகையில் கட்டம் போட்ட தாள், அதன் மேல் பாலித்தீன், அதன் மேல் கேன்வாஸ். துருப்பிடிக்காத குண்டூசியை முதலில் நான்கு மூலையிலும், பிறகு அங்குலத்துக்கு ஒன்றாகவும் குத்தி, கட்டத்தோடு சேர்கிற மாதிரி இழுத்துவிட்டு, படுக்கை வசமாக நிழலில் காய விடுங்கள். கோடையில் ஒரு நாள். ஜூன், ஜூலையில் இதைத் தொடவே செய்யாதீர்கள், நான்கு நாளானாலும் காயாது, காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். நான் மழைக்காலத்தில் தைப்பேன், நேராக்குவதை ஜனவரிக்கு ஒதுக்கி வைப்பேன்.

கடற்கரையில் வீடு என்றால் ஊசியைக் கேன்வாஸில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறிக் கறை விழும். கண்ணாடிச் சட்டம் போட்டால் தையலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். கம்பளி நூலைப் பூச்சி தின்னும். காய்ந்த வேப்பிலையோ பாச்சை உருண்டையோ துணியில் முடிந்து பெட்டியில் போடுங்கள், நூலில் நேராகப் படவேண்டாம்.

பின்பக்கம் அசிங்கமாக இருக்கிறது, மறைத்துவிடலாமா?

பருத்தித் துணி வைத்து மூடித் தைத்துவிடுங்கள், ஆனால் மூடுவதற்கு முன் ஒரு துண்டு வெள்ளைத் துணியில் எந்த ஊர்க் கடல், எந்த வருடத்துக் கோடை, அப்போது யாரெல்லாம் இருந்தார்கள் என்று அழியாத மையில் எழுதி உள்ளே வைத்துத் தையுங்கள். என் செம்மண் சதுரத்தின் உள்ளே "முட்டம், 1989 மே, பாட்டி, நான், தம்பி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி" என்று இருக்கிறது.